கொதித்தலுக்கும் ஆறுதலுக்கும் இடையே: அறிஞர் லூயி பாஸ்ரர்

எங்கள் வன்னிநாட்டுப் பாடசாலைச் சுவர்களிலும் மருத்துவமனை வாயில்களிலும் கொதித்தாறிய நீரையே பருகவேண்டும் என்னும் அறிவுரை எழுதப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். கொதித்தாறிய என்பது இரண்டு வினைகள் இணைந்த சிறு தொடர். அவற்றுள் முதல் வினையை மக்கள் கருத்தோடு செய்கின்றனர். இரண்டாவது வினையைத் தானே நிகழ்வதொன்றாகக் கருதி விட்டுவிடுகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன், மாரிக்காலத்து ஒருநாள், முல்லைத்தீவிலே யான் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்த வகுப்பில் மாணவி ஒருத்தி எழுந்து, தன் வீட்டில் நாள்தோறும் நீரைக் கொதிக்கவைத்தே குடித்தும் தம்பிக்கு வயிற்றோட்டம் வந்தது எதனால் என்று வினவினாள். சற்றே விசாரித்தேன். நீர் நன்றாகவே கொதித்திருந்தது. ஆனால் ஆறும்வரை அது மூடாத பானையிற் கிடந்தது. பின்னர்ப் பலர் கை பட்ட குவளையால் மொண்டு, முதல்நாள் நீர் அடியில் எஞ்சிநின்ற போத்தலில் வார்க்கப்பட்டது. ஐயத்துக்குரிய இடம் அடுப்பன்று. அடுப்பிலிருந்து போத்தலுக்கு அந்நீர் வந்த வழியே என்று அவளுக்குக் கூறினேன்.

அச்சிறிய வழியைத் தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த பெருமகனார் ஒருவர் உளர். அவரே பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்ரர். வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்டவர் என்றே அவரை நம் மாணவர் அறிவர். அம்மருந்துக்கு நெடுநாள் முன்னரே, பியர் காய்ச்சுவோரின் ஆலைக்குட் புகுந்து, கொதித்த சாற்றை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்குத் தீங்கின்றிக் கொண்டுசெல்வது எவ்வாறு என்று அவர் ஆராய்ந்தமை பலரும் அறியாத செய்தி. அவர் வாழ்க்கையை அந்த வழியாகவே நோக்குதல் இக்கட்டுரையின் கருத்தாகும்.

தோல் பதனிடுவோர் மகன்

பாஸ்ரர் 1822ஆம் ஆண்டு திசெம்பர் 27ஆம் நாள், பிரான்சின் கிழக்கே யூரா மலைப்பகுதியிலுள்ள டோல் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் நெப்போலியனின் படையிற் பணிபுரிந்து மீண்டு, தோல் பதனிடும் தொழிலைச் செய்து வந்தவர். பிள்ளை ஐந்து வயதை எட்டும் காலத்திற் குடும்பம் ஆர்புவா என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. தோற்பட்டறையின் நாற்றமும் ஆற்றங்கரையும் திராட்சைத் தோட்டங்களுமே அவர் இளமையைச் சூழ்ந்திருந்தன. தோல் கெடாமற் காத்தலும், திராட்சைச் சாறு மதுவாக மாறுதலும் அன்றாடக் காட்சிகளாக இருந்த ஊரில் வளர்ந்தவர், பிற்காலத்தில் அழுகலையும் நொதித்தலையும் ஆராயப் புகுந்தது வியப்பன்று.

பள்ளியில் அவர் தலைசிறந்த மாணவராக விளங்கவில்லை. வண்ணக்கோலால் உருவம் வரைவதிலேயே அவர் கை தேர்ந்திருந்தது. பெற்றோரையும் அயலவரையும் அவர் வரைந்த ஓவியங்கள் இன்றும் பேணப்படுகின்றன. 1838ஆம் ஆண்டு கல்விக்காகப் பாரிசு நகருக்கு அனுப்பப்பட்டபோது, வீட்டு நினைவு தாங்காது சில வாரங்களிலேயே ஊர் திரும்பிவிட்டார். மீண்டும் முயன்று, 1843இல் அந்நகரின் உயர்தர ஆசிரியர் கல்லூரியிற் சேர்ந்தார். ஆசிரியராதற்குச் சென்றவரே ஆராய்ச்சியாளராயினார் என்பதை நம்போன்ற ஆசிரியர் மகிழ்வோடு நினைக்கலாம்.

1848இல், இருபத்தைந்து வயதில், அவர் தம் முதற் பெருங் கண்டுபிடிப்பைச் செய்தார். திராட்சை மதுவின் மிடாக்களில் உண்டாகும் தார்த்தாரிக் அமிலத்தின் உப்பை ஆராய்ந்தபோது, அதன் பளிங்குகளில் இருவகை இருப்பதைக் கண்டார். வலக்கையும் இடக்கையும் போல அவை ஒன்றற்கொன்று ஆடிப்படிமமாய் அமைந்திருந்தன. இருவகையையும் சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக் கரைத்தபோது, ஒன்று ஒளியின் முனைவுத் தளத்தை வலப்புறமும் மற்றையது இடப்புறமும் திருப்பின. ஓவியனுக்குரிய கண்ணும் பொறுமையும் இல்லாதவர்க்கு அவ்வேறுபாடு புலப்பட்டிராது. மறு ஆண்டு ஸ்ராஸ்பூர்க் நகரிற் பேராசிரியரானார். அங்கேயே மாரி லோரன் என்னும் நங்கையை மணந்தார். கணவர் சொல்லச் சொல்ல ஆராய்ச்சிக் குறிப்புகளை எழுதி, அவர் பணிக்கு வாழ்நாள் முழுதும் துணைநின்றவர் அவ்வம்மையார்.

புளித்த மிடாவும் வளைந்த கழுத்தும்

1854இல் வடபிரான்சிலுள்ள லில் நகரத்து விஞ்ஞான பீடத்தின் தலைவராகப் பாஸ்ரர் அமர்ந்தார். அங்கே பீற்றூட்டிலிருந்து மதுசாரம் வடிக்கும் ஆலைகள் பல இருந்தன. 1856இல் ஆலை உரிமையாளர் ஒருவர் தம் மிடாக்களிற் சில காரணமின்றிப் புளித்துப் போவதாக வந்து முறையிட்டார். அவர் மகன் பாஸ்ரரின் மாணவன். பேராசிரியர் ஆலைக்கே சென்று, மிடாவின் சாற்றைத் துளி துளியாக எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினார். நன்றாக நொதித்த சாற்றில் மதுவம் என்னும் உருண்டை வடிவ நுண்ணுயிர் காணப்பட்டது. புளித்த சாற்றிலோ நீண்ட கோல் வடிவ நுண்ணுயிர்கள் மலிந்திருந்தன.

நொதித்தல் உயிரற்ற பொருள்களின் சிதைவே என்று அக்கால வேதியியலாளர் பலர் எண்ணியிருந்தனர். பாஸ்ரரோ, அது உயிருள்ள நுண்ணங்கிகளின் வாழ்க்கைத் தொழில் என்றும், ஒவ்வொரு வகை நொதித்தலுக்கும் உரிய உயிர் வேறு வேறு என்றும் 1857 முதல் எழுதிய கட்டுரைகளால் நிறுவினார்.

இவ்வுண்மையின் ஒரு கூறு நம் பனந்தோப்புகளிலும் நெடுங்காலமாக வாழ்ந்துவருகின்றது. பாளை சீவிக் கட்டும் முட்டியின் உட்புறத்தே சுண்ணாம்பு பூசினால் இறங்குவது இனிய கருப்பநீர். பூசாதுவிடின் இறங்குவது கள். மரம் ஒன்றே, பாளை ஒன்றே, சாறும் ஒன்றே. சுண்ணாம்பின் காரத்தில் நுண்ணங்கிகள் பெருக இயலாமையே வேறுபாட்டுக்குக் காரணம். நம் முன்னோர் செயலை அறிந்திருந்தனர். அதன் காரணம் நொதித்தலின் இயல்பு விளங்கிய பின்னரே உலகுக்குத் தெளிவாயிற்று.

அந்நுண்ணங்கிகள் எங்கிருந்து வருகின்றன என்பது அடுத்த வினா. அவை பொருளினின்று தாமே தோன்றுகின்றன என்று பூசே என்னும் இயற்கை ஆராய்ச்சியாளர் வாதிட்டார். அதனை மறுக்கப் பாஸ்ரர் அமைத்த கருவி மிக எளியது. கண்ணாடிக் குடுவையிற் சத்துள்ள சாற்றை வார்த்து, அதன் கழுத்தை நெருப்பிற் காட்டி அன்னத்தின் கழுத்துப் போல நீட்டி வளைத்தார். பின்னர்ச் சாற்றைக் கொதிக்கவைத்து ஆறவிட்டார். குடுவையின் வாய் திறந்தே இருந்தது. காற்றும் தடையின்றி உட்சென்றது. ஆயினும் காற்றோடு வந்த தூசி வளைவிலே தங்கிவிட்டமையாற் சாறு மாதக்கணக்காகத் தெளிவாகவே கிடந்தது. குடுவையைச் சரித்துச் சாற்றை அவ்வளைவில் ஒருமுறை தொடவிட்டால், சில நாட்களுக்குள் அது கலங்கியது.

1860இல் மூடிய குடுவைகளைச் சுமந்து மலையேறி, வெவ்வேறு உயரங்களில் அவற்றைத் திறந்து மீண்டும் மூடினார். அடிவாரத்து வயற்புறத்தில் திறந்த இருபதில் எட்டும், யூரா மலையில் திறந்த இருபதில் ஐந்தும், ஆல்ப்சுப் பனிமலையில் திறந்த இருபதில் ஒன்றும் மட்டுமே கெட்டன. தூசி குறையக் கேடும் குறைந்தது.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. பூசே கையாண்டது வைக்கோல் ஊறிய நீர். அதில் வாழும் சில நுண்ணங்கிகளின் வித்திகள் கொதிநீரிலும் மடியாதவை என்பது 1870களில் ஜேர்மனிய அறிஞர் கோன், அயர்லாந்து அறிஞர் தின்டல் ஆகியோரின் ஆராய்ச்சியால் விளங்கிற்று. எனவே பூசே தம் குடுவையில் உயிரைக் கண்டது பொய்யன்று. அதற்கு அவர் கூறிய காரணமே பிழை. கொதித்தல் ஒன்றே எல்லாவற்றுக்கும் முடிவன்று என்பதை இவ்வழக்கும் காட்டுகின்றது.

துயரின் ஆண்டுகள்

1863இல் மன்னர் மூன்றாம் நெப்போலியன் வேண்டியபடி, திராட்சை மது கெடுவதன் காரணத்தைப் பாஸ்ரர் ஆராயத் தொடங்கினார். காற்றுப் புகாத நிலையில் மதுவைச் சுமார் 50 முதல் 60 பாகை வரை சூடாக்கினால் கேடு செய்யும் நுண்ணங்கிகள் மடியும் என்றும், சுவை பெரிதும் மாறாது என்றும் கண்டார். இன்று பாலுக்குச் செய்யும் அம்முறை அவர் பெயராலேயே உலகெங்கும் வழங்குகின்றது. 1865 முதல், தம் ஆசிரியர் தூமாவின் வேண்டுகோளுக்கிணங்கித் தென்பிரான்சு சென்று, பட்டுப்புழுக்களை அழித்துவந்த நோய்களை ஆராய்ந்தார்.

அவ்வாண்டுகளே அவர் வாழ்விற் கொடிய ஆண்டுகள். மூத்த மகள் ஒன்பது வயதில், 1859இல், நெருப்புக்காய்ச்சலால் இறந்திருந்தாள். 1865இல் தந்தையார் மறைந்தார். அதே ஆண்டு இரண்டு வயதுக் குழந்தை ஒன்றும் மறைந்தது. 1866இல் பன்னிரண்டு வயது மகள் ஒருத்தியை மீண்டும் நெருப்புக்காய்ச்சலே கொண்டுபோயிற்று. பிறந்த ஐவருள் மூவரை அவர் அடக்கஞ் செய்தார். தூய்மையற்ற நீராலும் உணவாலும் அந்நோய் பரவுகின்றதென்பதை நாம் இன்று அறிவோம். அவ்வாண்டுகளில் அதன் கிருமியைக் கண்டவர் எவருமிலர். 1868 ஒக்டோபரில், நாற்பத்தைந்து வயதில், அவரைப் பாரிசவாதம் தாக்கிற்று. இடக்கையும் இடக்காலும் அதன்பின் முன்போல் இயங்கவில்லை. கொதிகலங்களோடும் கண்ணாடிக் குடுவைகளோடும் பழகவேண்டிய ஆராய்ச்சியை எஞ்சிய இருபத்தேழு ஆண்டும் ஒரு கையின் வலுக்கொண்டும் பிறர் கைகளின் துணைகொண்டுமே அவர் நடத்தினார்.

கொதித்த சாறு கடக்கும் வழி

1870இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டது. பிரான்சு தோற்றது. படையிலிருந்த மகனைத் தேடிப் பனியிலே அலைந்து கண்டுபிடித்த அத்தந்தை, பொன் பல்கலைக்கழகம் தமக்கு வழங்கிய கலாநிதிப் பட்டத்தை 1871இல் திருப்பியனுப்பினார். பியர் காய்ச்சுவதில் ஜேர்மனியரே சிறந்தவர் என்னும் பெயரை மாற்றித் தம் நாட்டுக்கு அத்தொழிலில் உயர்வு தரவேண்டும் என்ற எண்ணமும் அப்போதே எழுந்தது. அவருக்கோ பியரிற் பெரும் விருப்பமில்லை. நல்லதையும் தீயதையும் நாவால் வேறுபடுத்த அறியாதவர் என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. நாவறியாததை அவர் நுணுக்குக்காட்டியால் அறியத் துணிந்தார்.

தொழிலின் இயல்பை முதலிற் காண்போம். வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்தால் இனிய சாறு கிடைக்கும். அதனை ஹொப்ஸ் என்னும் கொடியின் பூவோடு சேர்த்துக் கொதிக்கவைப்பர். கொதித்த சாறு ஆறிய பின்னர் மதுவத்தைச் சேர்த்தால் நொதித்துப் பியராகும். கொதிக்கும்போது அதிலுள்ள நுண்ணங்கிகள் மடிகின்றன. மதுவம் சேர்ந்து வலுப்பெற்றுவிட்டால், பிறவற்றுக்கு இடங்கொடாது அது தானே ஆட்சி செய்யும். கேடு புகும் காலம் இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது. இனிப்பு மிகுந்து, இளஞ்சூடாய், காவலின்றிக் கிடக்கும் சாற்றைப்போல நுண்ணங்கிகளுக்கு உகந்த விளைநிலம் வேறில்லை.

அக்கால ஆலைகளிற் கொதித்த சாற்றை அகன்று ஆழங்குறைந்த திறந்த தொட்டிகளிற் பரப்பி, இரவெல்லாம் காற்றில் ஆறவிடுவது வழக்கம். பரப்பு மிகுதியாகையால் விரைவில் ஆறும். ஆனால் பரப்பு மிகுந்த அளவுக்குத் தூசியும் விழும். கோடைக்காலத்தில் ஆலைகள் பெருநட்டமடைந்ததற்கு இது பெருங்காரணம். பாஸ்ரர் கிளெர்மோன்-பெரான் நகரிலே, தம் மாணவர் டுக்ளோவின் இல்லத்தில் தங்கியிருந்து, அருகிலிருந்த சிறு ஆலையொன்றில் 1871இல் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

அவர் கண்ட வழி இதுவே. சாறு கொதிநிலையை விட்டு அதிகம் தாழுமுன்னரே அதனை மூடிய கலத்துக்குக் குழாய்வழி செலுத்துக; அச்சூடே கலத்தின் உட்சுவரையும் தூய்மை செய்துவிடும். பின்னர்க் கலத்தைத் திறவாது, அதன் வெளிப்புறத்தே குளிர்நீரைத் தாரையாகப் பாய்ச்சி ஆற்றுக. உள்ளே சூட்டோடு விரிந்து நின்ற ஆவி, ஆறும்போது ஒடுங்கி வெளிக்காற்றை வலிந்து இழுக்கும். ஆதலாற் காற்று நுழையும் வழியைப் பஞ்சடைத்த குழாயினாற் காக்க அல்லது கரியமிலவாயுவை உட்செலுத்துக. ஆறிய பின்னர்த் தூய மதுவத்தையே சேர்க்க. அன்னக்கழுத்துக் குடுவையிற் கண்ட உண்மை இங்கே ஆலையளவுக்குப் பெருகி நிற்பதை வாசகர் காணலாம். இம்முறைக்கு 1871இல் பிரான்சிலும் 1873இல் அமெரிக்காவிலும் அவர் உரிமைப் பத்திரம் பெற்றார். 1876இல் பியர் பற்றிய அவர் பெருநூல் வெளிவந்தது.

1871 செப்ரெம்பரில் அவர் இலண்டன் சென்று, வைற்பிரெட் என்னும் பேராலையைப் பார்வையிட்டார். அங்கே தாம் பயன்படுத்தும் மதுவத்தை ஒரு துளி காட்டும்படி கேட்டு, நுணுக்குக்காட்டியில் நோக்கினார். மதுவத்தோடு கேடு தரும் நூலுருவங்களும் கலந்திருந்தன. ஆலையார் முதலில் நம்பத் தயங்கினும், கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட மிடாக்கள் தம்மிடம் உள்ளமையைப் பின்னர் ஒப்புக்கொண்டனர். ஒருவாரத்துள் அவர் மீண்டும் சென்றபோது, ஆலைக்கென ஒரு நுணுக்குக்காட்டி வாங்கப்பட்டிருந்தது. தொழிலாளி நாவையும் மூக்கையும் நம்பியிருந்த இடத்திற் கண்ணுக்கும் ஓர் இடங் கிடைத்தது.

பாஸ்ரரின் முறை குறையற்றதாய் இருந்ததென்று கொள்ளலாகாது. கேடு செய்வன பற்றீரியாக்கள் மட்டுமே என்று அவர் பெரிதும் எண்ணினார். மதுவத்திலேயே நல்லதும் தீயதும் உண்டு என்பதை டென்மார்க்கின் காள்ஸ்பேர்க் ஆய்வுகூடத்து அறிஞர் ஹன்சன் காட்டினார். அவர் தனியொரு கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்து, 1883இல் அதனை ஆலையிற் பயன்படுத்தினார். மூடிய கலத்தில் ஆற்றும் கருத்து பாஸ்ரருடையது. அதனுட் சேர்க்கத் தக்க வித்து ஹன்சனுடையது. இரண்டும் கூடியே இன்றைய முறையாயிற்று.

இக்கால மேல்நாடுகளில் வீட்டிலேயே சிற்றளவிற் பியர் காய்ச்சுவோர் பலர். அவர்கள் பெரும்பாலும் கையாள்வன பிளாஸ்ரிக் வாளிகளும் குழாய்களும். பாஸ்ரர் கண்ட இடர்களோடு புதிய இடர்கள் சிலவும் அவற்றாற் சேர்ந்துள்ளன. சோடாப் போத்தல் செய்யும் பிளாஸ்ரிக் சுமார் 70 பாகை வெப்பத்திலேயே குழையத் தொடங்கும். பொலிப்புரொப்பிலீன் என்னும் வகையோ கொதிநீரின் சூட்டைத் தாங்கும். தாங்கும் வகையும் சூட்டில் இளகி வளையும் இயல்பினதாகையால், கொதிசாறு நிறைந்த வாளியைத் தூக்கி நடத்தல் உடலுக்கு ஆபத்து. சூடாய் வார்த்து இறுக மூடினால், ஆறும்போது வாளி உட்குழிந்து, எங்கேனும் ஒரு கசிவு வழியே தூய்மையற்ற காற்றை இழுத்துக்கொள்ளும். உட்புறத்தே கீறல் விழுந்தால் அக்கீறலே நுண்ணங்கிகளின் ஒளிப்பிடமாகும். ஆதலால் அறிந்தோர் சாற்றைக் கொதித்த உலோகக் கலத்திலேயே மூடிவைத்துக் குளிர்நீராற் சுற்றி ஆற்றி, ஆறிய பின்னரே, தூய்மை செய்த குழாய்வழி பிளாஸ்ரிக் கலத்துக்கு மாற்றுவர்.

பியர் காய்ச்சுதல் நம் வேலையன்று. ஆயினும் கொதிக்கக் கொதிக்கத் தேநீரைச் சொப்பின் பையில் வாங்கிச் செல்வதும், காய்ச்சிய நீரை மெல்லிய போத்தலில் உடனே வார்ப்பதும், பாணிப்பருவத்திலுள்ள பனஞ்சாற்றைத் தாச்சியோடு தூக்கிச் சாய்ப்பதும் நம் கண்முன் நிகழ்வனவே. கலம் எது, சூடு எவ்வளவு, தூக்கும் கை எது என்னும் மூன்று வினாக்களும் அவ்விடங்களிலும் கேட்கத் தக்கவை.

ஆலையிலிருந்து மனிதவுடலுக்கு

பியருக்கு நோய் உண்டு, அந்நோய்க்கு வெளியிலிருந்து புகும் உயிர் காரணம் என்று கண்டவர் மனிதனை மறந்திருக்க முடியுமா? அவர் எழுத்துகளைப் படித்த ஆங்கிலச் சத்திரசிகிச்சை நிபுணர் லிஸ்ரர், புண்ணிலும் கருவியிலும் கையிலும் உள்ள கிருமிகளைக் காபோலிக்கமிலத்தால் அழிக்கும் முறையை 1867இல் வெளியிட்டார். 1874இல் அதற்கு நன்றி கூறிப் பாஸ்ரருக்குக் கடிதமும் எழுதினார். மிடாவில் மூடி இட்டுக் காத்த தூய்மை, அறுவைச் சாலையில் மனிதவுயிரைக் காத்தது.

பாஸ்ரர் தாமும் விலங்கு நோய்களை ஆராயப் புகுந்தார். கோழிகளைக் கொல்லும் நோயின் கிருமியை வலுவிழக்கச் செய்து அதனையே காப்பாகப் பயன்படுத்தலாம் என்பதை 1880இல் வெளியிட்டார். 1881இல் பூயி-லெ-போர் என்னுமிடத்தில், பலரறிய, ஆட்டுமந்தையை இரு கூறாக்கி, ஒரு கூற்றுக்கு அந்திராக்சு நோய்க்கான தடுப்பு மருந்தை ஏற்றினார். பின்னர் இரு கூற்றுக்கும் நோய்க்கிருமியை ஏற்றினார். ஜூன் 2ஆம் நாள் மக்கள் திரண்டபோது, மருந்தேற்றிய ஆடுகள் நலமாக மேய்ந்தன. ஏற்றாதவை இறந்துகிடந்தன அல்லது இறந்துகொண்டிருந்தன.

அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிஞர் பார்வைக்கு வந்தபோது ஒரு செய்தி வெளிப்பட்டது. அன்று ஏற்றிய மருந்து, உலகம் நம்பும்படி அவர் விட்டிருந்த முறையாற் செய்ததன்று. உடன் பணிபுரிந்த சம்பர்லன் இரசாயனப் பொருள் கொண்டு ஆக்கிய மருந்து. பெரியோர் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய மறுக்களை மூடிவைத்தல் மாணவருக்கு நன்மையாகாது. தூசியை மறைப்பதன்று, அது புகுந்த வழியைக் காண்பதே பாஸ்ரர் நமக்குக் கற்பித்த பாடம்.

1885 ஜூலை 6ஆம் நாள், அல்சாசு நாட்டிலிருந்து ஒன்பது வயதுச் சிறுவன் யோசெப் மைஸ்ரரை அவன் தாய் அழைத்துவந்தாள். இரண்டு நாட்களுக்கு முன் வெறிநாய் அவனைப் பல இடங்களிற் கடித்திருந்தது. அவர் ஆக்கியிருந்த மருந்து மனிதருக்கு ஏற்றிச் சோதித்து நிறுவப்பட்டதன்று. அவரோ மருத்துவப் பட்டம் பெறாதவர். மருத்துவர் இருவரின் கருத்தைக் கேட்ட பின்னரே, அவருள் ஒருவரின் கையால் ஊசி ஏற்றப்பட்டது. உலர்த்திய முயல் முண்ணாணிலிருந்து செய்த மருந்து, வலுக்குறைந்ததிலிருந்து வலுமிக்கதுவரை பதின்மூன்று முறை ஏற்றப்பட்டது. அந்நாட்களிற் பாஸ்ரர் உறக்கமின்றித் தவித்தார். சிறுவன் பிழைத்தான். பின்னாளில் அவனே பாஸ்ரர் நிறுவனத்தின் வாயிற்காவலனாய்ப் பணிபுரிந்தான்.

எல்லாரும் பிழைத்தாரல்லர். அதே ஆண்டின் இறுதிப்பகுதியில், கடியுண்டு முப்பத்தேழு நாட்களின் பின் கொண்டுவரப்பட்ட பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். காலம் கடந்துவிட்டதென்று அறிந்தும், பெற்றோரின் வேண்டுகோளை அவரால் மறுக்க முடியவில்லை. புகழுக்கு இழுக்கு வரும் என்பது தெரிந்தே முயன்றார். மகள்மாரை இழந்த தந்தையின் உள்ளம் அங்கே பேசிற்று எனல் தகும். 1886இல் இரசியாவின் ஸ்மொலென்ஸ்க் பகுதியிலிருந்து ஓநாய் கடித்த பத்தொன்பது பேர் வந்தனர். பதினாறு பேர் உயிரோடு ஊர் திரும்பினர்.

மக்கள் பல நாடுகளிலிருந்தும் வழங்கிய பொருளால், பாரிசில் 1888 நவம்பர் 14ஆம் நாள் அவர் பெயரால் நிறுவனம் திறந்துவைக்கப்பட்டது. அதிற் பயின்ற ஹாப்கின் என்பவரே 1893இல் இந்தியா வந்து வாந்திபேதிக்கும், பின்னர் 1897இல் பம்பாயிற் கொள்ளைநோய்க்கும் தடுப்பூசி ஏற்றியவர். தமிழ்நாட்டில் நீலகிரியின் குன்னூரிலே 1907இல் தோன்றிய பாஸ்ரர் நிறுவனம் வெறிநாய்க்கடிக்கு மருந்து வழங்கித் தென்னாட்டு மக்கள் பலரின் உயிரைக் காத்தது.

1892 திசெம்பரில் அவருடைய எழுபதாம் பிறந்தநாள் விழா பாரிசிற் சிறப்பாக நடைபெற்றது. தளர்ந்த உடலோடு நாட்டின் சனாதிபதியின் கைபற்றி அரங்குட் புகுந்த அவரை, இலண்டனிலிருந்து வந்திருந்த லிஸ்ரர் தழுவி வாழ்த்தினார். 1895 செப்ரெம்பர் 28ஆம் நாள், தம் எழுபத்திரண்டாம் வயதில், பாரிசுக்கு அண்மையிலே பாஸ்ரர் உயிர்நீத்தார். அவர் உடல் அவர் பெயர்கொண்ட நிறுவனத்திலேயே அடக்கஞ் செய்யப்பட்டுள்ளது. அவர் கொதிக்கவைத்த குடுவைகளிற் சில, வளைந்த கழுத்தோடும் கலங்காத சாற்றோடும் இன்றும் அங்கே உள்ளன.

ஆறுதல் என்னும் சொல்லுக்குச் சூடு தணிதல் என்பதும் துயர் தணிதல் என்பதும் பொருளாகத் தமிழில் வழங்குகின்றன. மூன்று பிள்ளைகளை இழந்து, ஒரு கையும் தளர்ந்த மனிதர், பிறர் பிள்ளைகளைக் காத்தலிலே தமக்கு ஆறுதல் தேடினார். அதற்கு அவர் கண்ட வழியோ, கொதித்தது எவ்வாறு ஆறுகின்றது என்று உற்று நோக்கியதிலிருந்தே தொடங்கிற்று.

வகுப்பில் வினவிய அம்மாணவி மறுவாரம் என்னிடம் வந்தாள். இப்போது நீரைக் கொதித்த பானையிலேயே மூடி ஆறவைப்பதாகவும், போத்தலைக் கழுவி, இறுதியிற் கொதித்தாறிய நீரால் அலசிக் கவிழ்த்து வைப்பதாகவும், பானைக்குரிய அகப்பையை வேறெதற்கும் எடுப்பதில்லை என்றும் கூறினாள். பாஸ்ரரின் பெயர் அன்று அவளுக்குத் தெரியாது. அவர் முறையை அவள் அடுப்படியிலே நிறைவேற்றிவிட்டாள். சுவரில் எழுதிய அத்தொடரின் இரண்டாவது வினையையும் நம் வீடுகள் இவ்வாறு கருத்தோடு செய்யுமாயின், அவருக்கு நாம் எடுக்கும் விழா அதுவேயாகும்.